சிறைக்குள் அந்தஸ்து எதில் இருக்கிறது, சிறையைப் பற்றிய கதைகள் எங்கிருந்து வருகின்றன

சிறைக்குள் இருப்பவர்களிடையே வெளியில் உள்ள நமக்குப் புரியாத அந்தஸ்து அடையாளங்கள் உண்டா என்றும், சிறையைப் பற்றி ஊரில் உலவும் கதைகளில் எதை நம்பலாம் என்றும் ஓசூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கிருஷ்ணகிரி, தருமபுரி நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில், கட்சிக்காரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சொல்லக் கேட்டவற்றையும், சட்டமும் வரலாறும் சொல்பவற்றையும் சேர்த்து இந்தப் பதிலை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறை எதையெல்லாம் அரிதாக்கி வைக்கிறதோ அது உள்ளே அந்தஸ்தாக மாறிவிடுகிறது. எந்தச் செய்தியெல்லாம் கைதிக்கும் அவருடைய வீட்டாருக்கும் எட்டாமல் இருக்கிறதோ அந்த இடத்தில் கதை முளைக்கிறது. ஆகையால் கேள்வியின் இரண்டு பாதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் ஒருவர் கைதாகி, நடுவர் முன் நிறுத்தப்பட்டு, நீதிமன்றக் காவலுக்கு உத்தரவானால் சிறிய வழக்குகளில் பெரும்பாலும் கிளைச் சிறைக்குப் போவார். நீண்ட தண்டனை பெற்றவர்களும், குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்படுபவர்களும் சேலம் மத்தியச் சிறைக்குப் போகிறார்கள். தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்தும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும் சிறையைப் பொறுத்தவரை இன்னும் சேலத்தைச் சார்ந்தே இருக்கிறோம். நீதிமன்ற வளாகத்தில் ஒருவர் "பையன் சேலத்துல இருக்கான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

பலரை ஒன்றாக அடைத்து வைக்கும் பொது அறையில் முதல் அந்தஸ்து, படுக்கும் இடம். புதிதாக வருபவருக்குக் கழிப்பிடத்தை ஒட்டிய இடம் கிடைக்கும். ஆள் பழையவராக ஆக ஆக, அல்லது அவருக்கு வேண்டியவர்கள் உள்ளே இருந்தால் ஒரே இரவில், அங்கிருந்து நகர்ந்து சுவரோரத்துக்கோ மின்விசிறிக்குக் கீழேயோ வந்து சேருவார். எந்தப் பதிவேட்டிலும் இந்த வரிசை எழுதப்படுவதில்லை என்றாலும் அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் அது மனப்பாடம். ஒரு கட்சிக்காரர் தன்னுடைய பிணை மனு தள்ளுபடியான செய்தியைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை வக்கீல் சார், இப்ப ஜன்னலோரம் வந்துட்டேன்" என்று சொன்னார். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே மகிழ்ந்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உடுப்பு அடுத்தது. தண்டனைக் கைதிகளுக்கு வெள்ளைச் சீருடை. விசாரணைக் கைதிகள் சொந்த உடையை அணியலாம். 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் 31-ஆம் பிரிவில், தண்டனை பெறாத கைதி தன் உணவையும் உடையையும் படுக்கையையும் வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்ள இடமளித்துவிட்டு, அடுத்த பிரிவிலேயே அவற்றை இன்னொரு கைதிக்குக் கொடுக்கவோ வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது என்றும், மீறினால் அந்தச் சலுகை பறிபோகும் என்றும் சொல்கிறது. வாடகைக்கு விடுவது என்ற ஒன்றைச் சட்டம் எழுதியவர்கள் கற்பனை செய்து சேர்த்திருக்க மாட்டார்கள். உள்ளே போர்வையும் துண்டும் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபிறகுதான் அப்படி எழுதியிருக்க முடியும் என்பது என் ஊகம். தண்டனைக் கைதிகளிடையே எல்லோருக்கும் ஒரே வெள்ளை என்பதால் வேறுபாடு மடிப்புக்குப் போய்விடுகிறது: யாருடைய சட்டை துவைத்து, விறைப்பாக மடித்து, கறையில்லாமல் இருக்கிறது என்பதையும், அதைத் துவைத்தது அவரா வேறொருவரா என்பதையும் கவனிப்பார்கள்.

உறவினர் வந்து பார்ப்பதைச் சிறை வழக்கில் "மனு" என்பார்கள்; மனு வருவதும் ஒரு தரவரிசைதான். அஞ்செட்டியிலிருந்தோ தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் உள்ள மலைக் கிராமத்திலிருந்தோ சேலத்துக்கு வந்து ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு முழு நாளும் அன்றைய கூலியும் போய்விடும். அதனால் வாரம் தவறாமல் மனைவி வருகிற கைதிக்கு உள்ளே கிடைக்கும் மதிப்பு, பெயர் போன வழக்கில் சிக்கிய, ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத ஒருவருக்குக் கிடைப்பதில்லை. வருகிறவர் பணத்தோடும் பலகாரத்தோடும் வந்தால் அறை முழுவதுக்கும் அது தெரியும். வராத வாரத்தை மறைக்க முடியாது.

எனக்கு மிகவும் வியப்பாக இருக்கும் அந்தஸ்துச் சின்னம் காகிதம். குற்றப்பத்திரிகையின் நகலையோ தீர்ப்பின் நகலையோ பாலித்தீன் உறையில் போட்டு மடிப்புக் கலையாமல் வைத்திருப்பவரிடம் மற்றவர்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். மனு எழுதத் தெரிந்தவர், பிரிவு எண்களைச் சொல்லத் தெரிந்தவர், உள்ளே ஒரு சிறிய வக்கீலாகவே ஆகிவிடுகிறார். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம் என்று சட்டம் இருப்பதால் இது வெறும் படாடோபம் அல்ல. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை ஒரு சிறைக் காவலர் கொடுமைப்படுத்தியதைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டு, 1979 டிசம்பரில் கைதிகளின் உரிமைகளைப் பற்றிய முக்கியமான தீர்ப்பானது. எழுதத் தெரிந்த கைதிக்கு உள்ளே ஏன் மரியாதை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

வழக்கின் வகையும் தரம் பிரிக்கிறது. கொலை வழக்கு, அதிலும் பழிவாங்கல், நிலத்தகராறு, குடும்ப மானம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கு மேலே; சங்கிலிப் பறிப்பும் சைக்கிள் திருட்டும் கீழே; குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்ததாக வந்தவர் எல்லோருக்கும் கீழே, பல நேரங்களில் உயிருக்கே அஞ்சியபடி. குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், ஒருவரை 12 மாதங்கள் வரை விசாரணையின்றித் தடுத்து வைக்க வழி செய்கிறது. அது அவமானமாக இருக்க வேண்டியது. ஆனால் எங்கள் பக்கத்தில் சில இளைஞர்கள் அதைப் பட்டம்போலச் சொல்லிக்கொள்வதையும், வெளியே வரும் நாளில் நண்பர்கள் பிளக்ஸ் பேனர் வைப்பதையும் பார்க்கிறோம். அரசு ஒருவரை "ஆபத்தானவர்" என்று எழுத்தில் அறிவித்துக் கொடுக்கும் ஒரே சான்றிதழ் அதுதான் என்பதால் இந்தக் கவர்ச்சி வந்துவிட்டது போலும்.

நாணயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் இது பரவலாகத் தெரிந்த செய்தி. நம் ஊர்ச் சிறைகளில் நெடுங்காலம் பீடிக்கட்டுதான் பணமாகச் செல்லுபடியானது. இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக இருந்த ராட்ஃபோர்ட் என்ற பொருளியலாளர், முகாமில் சிகரெட்டு எப்படிப் பணமாயிற்று, புகைக்காதவர்களும் அதை ஏன் சேர்த்து வைத்தார்கள், சிகரெட்டு வரத்துக் கூடியபோது விலைவாசி எப்படி ஏறியது என்று 1945-இல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க மத்திய அரசின் சிறைகளில் 2004-இல் புகைபிடித்தலுக்குத் தடை வந்தபின் அந்த இடத்தைப் பொட்டலத்தில் அடைத்த கானாங்கெளுத்தி மீன் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் உடனடி நூடுல்ஸ் பொட்டலமும் சிறைகளில் பணமாகிவிட்டது. உணவின் தரமும் அளவும் குறையக் குறைய, வயிற்றை நிரப்பும் பொருள் பணமாகிறது. அதனால் ஒரு சிறையில் எது நாணயம் என்று தெரிந்தால் அங்கே எது போதவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பிற நாடுகளின் அந்தஸ்துச் சின்னங்களில் ரஷ்யச் சிறைப் பச்சைகுத்தல்கள் பெயர் பெற்றவை. தேவாலயத்தின் குவிமாடங்கள் எத்தனையோ அத்தனை முறை தண்டனை, முழங்காலில் நட்சத்திரம் இருந்தால் யாருக்கும் மண்டியிடாதவர் என்று அவற்றுக்குப் பொருள் உண்டு. தகுதியில்லாமல் குத்திக்கொண்டவரிடமிருந்து அதைத் தோலோடு அகற்றும் தண்டனையும் இருந்தது. என்னை அதிகம் யோசிக்க வைப்பது தென்னாப்பிரிக்கா. அங்கே சிறைகளில் 26, 27, 28 என்ற எண்களையே பெயராகக் கொண்ட மூன்று கூட்டங்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்குகின்றன. அவற்றில் தளபதி, நீதிபதி, மருத்துவர் என்று பதவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதவிக்கும் சீருடை இருக்கிறது. ஆனால் அந்தச் சீருடை கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பதவிக்கு எந்த நிறம், எத்தனைப் பொத்தான், என்ன சின்னம் என்று உறுப்பினர் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவரும் அதைப் பார்த்ததுபோல் மரியாதை செய்ய வேண்டும். எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள விடாத இடத்தில், பறிமுதல் செய்ய முடியாத ஒரே உடைமையை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டங்களில் அந்தஸ்தும் கட்டுக்கதையும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. நோங்கொலோசா, கிலிகிஜான் என்ற இரண்டு இளைஞர்களை போ என்ற முதியவர் சுரங்கத் தொழிலுக்குப் போகாமல் தடுத்து, குகையில் வைத்துக் கொள்ளைக்காரர்களாக வளர்த்தார் என்றும், அவர்களுடைய சட்டம் பொறிக்கப்பட்ட பாறை இரண்டாக உடைந்ததால் சண்டை மூண்டு கூட்டம் பிரிந்தது என்றும் ஒரு கதை. புதிதாகச் சேருபவர் அதை வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்கத் தெரிந்த அளவுக்கு மதிப்பு. இதில் நோங்கொலோசா உண்மையாகவே வாழ்ந்தவர். 1867-இல் சூலுலாந்தில் பிறந்த ம்சுசெபி மத்தெபுலாதான் அவர்; ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய குன்றுகளில் கொள்ளைக் கூட்டம் நடத்தினார். 1912-இல் சிறை அதிகாரிகளிடம் தன் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் சிறைத்துறையிலேயே காவலர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கூட்டத்தார் ஒப்பிக்கும் கதையில் இந்த முடிவுக்கு இடமில்லை.

இனி, கைதிகள் தாங்களாக உண்டாக்காத, அரசே வழங்கிய அந்தஸ்து ஒன்றைப் பார்ப்போம். 1929-இல் லாகூர் சிறையில் பகத்சிங்கும் தோழர்களும் அரசியல் கைதிகளுக்குக் கண்ணியமான நடத்தை கேட்டு உண்ணாவிரதம் இருந்து, ஜதின் தாஸ் 63 நாள் பட்டினிக்குப் பின் செப்டம்பர் 13 அன்று உயிர் நீத்தார். மறு ஆண்டு ஆங்கில அரசு ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகளை அறிவித்தது. ஆனால் போராடியவர்கள் கேட்டதும் கிடைத்ததும் வேறு வேறு. குற்றத்தின் அரசியல் தன்மையை விட்டுவிட்டு, கைதியின் கல்வி, சமூக நிலை, "மேம்பட்ட வாழ்க்கை முறைக்குப் பழகியவரா" என்பதையே அளவுகோலாக்கினார்கள். அதனால் கட்டில், மெத்தை, கொசுவலை, நாற்காலி, மேசை என்று வீட்டில் சாதாரணமாகக் கிடக்கும் பொருள்கள் சிறையில் உயர்குடிப் பிறப்பின் சான்றுகளாயின. சுதந்திரத்துக்குப் பின்னும் விதிகளில் அந்த மனப்போக்கு நீடித்தது. செல்வாக்குள்ளவர் கைதானால் "முதல் வகுப்பு கேட்டிருக்காராமே" என்று எங்கள் வளாகத்தில் முதலில் விசாரிப்பதும் இதனால்தான்.

நாற்காலிக்கு உள்ள மதிப்பை ஓசூர்க்காரர்கள் சமீபத்தில் அருகிலிருந்தே பார்த்தார்கள். எல்லையைத் தாண்டிப் பெங்களூரு போகும் வழியில் உள்ள பரப்பன அக்ரஹாரா சிறையில், கொலை வழக்கில் விசாரணைக் கைதியாக இருந்த கன்னட நடிகர் ஒருவர் புல்வெளியில் நாற்காலியில் அமர்ந்து, கையில் சிகரெட்டும் குவளையுமாக மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்த படம் 2024 ஆகஸ்டில் வெளியானது. சிறை அலுவலர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர் பல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். படத்தில் இருந்தவை பிளாஸ்டிக் நாற்காலியும் குவளையும் சிகரெட்டும்தான். தேநீர்க் கடை வாசலில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பொருள்கள் மாநில அரசையே பதில் சொல்ல வைத்தன.

சாதியும் நெடுங்காலம் சிறையில் எழுத்து வடிவிலேயே அந்தஸ்தாக இருந்தது. சமையல் ஒருவருக்கு, துப்புரவு இன்னொருவருக்கு என்று சில மாநிலச் சிறைக் கையேடுகள் வகுத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் அரசமைப்புக்கு விரோதமானது என்று அறிவித்து, கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையே நீக்க உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் பாளையங்கோட்டை சிறையின் சாதிவாரிப் பிரிப்பும் அந்த வழக்கில் பேசப்பட்டது. பத்தி போய்விட்டாலும் பழக்கம் போக எவ்வளவு காலமாகும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

தண்டனையே பட்டமாக மாறியதும் நம் வரலாற்றில் உண்டு. கோயம்புத்தூர் சிறையில் வ.உ.சிதம்பரனாரை இழிவுபடுத்துவதற்காகவே இழுக்க வைத்த செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் நினைவுப் பொருளாக இருக்கிறது; செக்கிழுத்த செம்மல் என்பதே அவருக்கு நிலைத்த பெயர். அதே வழக்கில் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவாவைத் தருமபுரி மாவட்டம் தன் சொந்தப் பிள்ளையாகவே கருதுகிறது, ஏனெனில் அவர் பாப்பாரப்பட்டியில் தங்கி 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். 1908-இல் சிறை சென்றவர் 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். ஆட்டுரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுத்ததால்தான் நோய் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ரோமத்தால் தொழுநோய் வராது. அது நுண்ணுயிரால் வருவது, நோயுற்றவரோடு நெடுநாள் நெருங்கி இருப்பதால் தொற்றுவது, வெளிப்பட ஆண்டுக்கணக்கில் ஆவது. நெரிசலான கொட்டடியில் யாரோடெல்லாம் அடைத்து வைத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கதை அந்தப் பழியை வேலையின் மேல் போட்டுவிட்டு அடைத்து வைத்த முறையைத் தப்பவிட்டுவிடுகிறது.

மற்றக் கதைகளில் எங்கள் வட்டாரத்துக்கே உரியது வீரப்பனின் எண்ணெய்க் கதை. 1986-இல் கர்நாடகத்தில் பிடிபட்ட வீரப்பன் சாமராஜநகர்ப் பக்கம் வனத்துறை விடுதியில் காவலில் இருந்தபோது தப்பியது உண்மை. தலைவலி என்று சொல்லித் தேய்த்துக்கொள்ள எண்ணெய் வாங்கி, அதை மணிக்கட்டில் பூசி விலங்கைக் கழற்றிவிட்டார் என்பது பென்னாகரம் தேநீர்க் கடைகளில் இன்றும் கேட்கக்கூடிய விளக்கம். காவலில் இருந்தவர்களின் அலட்சியமோ உடந்தையோ காரணம் என்று சொல்வோரும் உண்டு. தப்பியவர் கெட்டிக்காரர், காவலர் ஏமாளி என்றால் கதை சுவையாகிறது. காவலர் கண்ணை மூடிக்கொண்டார் என்றால் அது ஒரு விசாரணை அறிக்கையாகிவிடும், அதை யாரும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்கள்.

உணவைப் பற்றிய கதைகள் உலகம் முழுவதும் ஒரே அச்சில் இருக்கின்றன. ஆசையை அடக்கச் சோற்றில் கற்பூரம் கலக்கிறார்கள், சோடா உப்புப் போடுகிறார்கள் என்று இங்கே சொல்வதை, மேற்கு நாடுகளில் வெடியுப்பு என்று சொல்வார்கள். சிறை, இராணுவம், விடுதி என்று ஆண்கள் அடைபட்டிருக்கும் எல்லா இடங்களிலும் இது உண்டு. வெடியுப்புக்கு அப்படிப்பட்ட குணம் எதுவும் இல்லை. கவலையும் தூக்கமின்மையும் தனிமையும் செய்கிற வேலையை ஏதோ ஒரு பொடியின் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். உணவென்றதும் இன்னொன்று: பிற மாவட்டத்தார் "களி தின்னப் போறான்" என்று கேலி செய்யும்போது கேழ்வரகு விளையும் எங்கள் ஊர்களில் அது உறைப்பதே இல்லை. களியும் கீரையும் இங்கே வீட்டுச் சாப்பாடு. சிறையில் இப்போது சோறுதான் போடுகிறார்கள் என்பதைச் சில பெரியவர்கள் குறையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

தூக்குத் தண்டனையைப் பற்றிய கதைகளுக்குச் சேலம் சிறையே ஒரு காரணம். ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று அங்கேதான் தூக்கிலிடப்பட்டார். கயிறு அறுந்துவிட்டால் விடுதலை செய்துவிட வேண்டும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(5)-ஆம் பிரிவு உயிர் பிரியும் வரை கழுத்தில் தூக்கிலிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. கயிறு அறுந்தால் தண்டனை தீர்ந்தது என்ற பேச்சுக்கு அதில் இடமே இல்லை. இந்த நம்பிக்கைக்கு உரமிட்ட நிகழ்ச்சிகளில் ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 1885-இல் எக்ஸிடர் சிறையில் ஜான் லீ என்பவரை நிறுத்திய பலகை மூன்று முறையும் திறக்காமல் போனதால் அவருடைய தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை, 1907 வரை சிறையிலேயே இருந்தார். தூக்குத் தண்டனை எழுதியதும் பேனா முனையை உடைப்பது சில நீதிபதிகளின் வழக்கமே தவிரச் சட்டம் அல்ல. கயிற்றுக்கு மந்திர சக்தி உண்டு என்ற நம்பிக்கையோ நம் காலத்திலும் காசாகியது: 2004-இல் கொல்கத்தாவில் நடந்த தூக்குக்குப் பின், அதை நிறைவேற்றிய நாட்டா மல்லிக்கிடம் கயிற்றுத் துண்டுகளைத் தாயத்துக்காக மக்கள் விலைக்கு வாங்கினார்கள்.

இவையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. குடும்பங்களை உண்மையாகவே கெடுக்கும் கதை வேறு: சிறையில் பகலை ஒரு நாளாகவும் இரவை ஒரு நாளாகவும் கணக்கிடுவார்கள், ஆகவே ஆயுள் தண்டனை என்பது 14 ஆண்டு, அது இரவும் பகலுமாக ஏழே ஆண்டில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. படித்தவர்களே இதைச் சொல்லி என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். சிறையில் ஒரு நாள் என்பது 24 மணி நேரம்தான். ஆயுள் தண்டனை என்றால் மீதமுள்ள வாழ்நாள் முழுவதும் என்று, காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 என்ற எண் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978-இல் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவில். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை, அரசு தன் சட்ட அதிகாரத்தின்படி முன்கூட்டி விடுவிப்பதானாலும் 14 ஆண்டு முடியாமல் விடுவிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475-ஆம் பிரிவு. அதாவது 14 ஆண்டு என்பது அரசு பரிசீலிக்கத் தொடங்கும் வாசல். ஊரார் அதையே வெளியேறும் வாசலாக நினைத்துவிட்டார்கள். 2008-இல் சிரத்தானந்தா வழக்குக்குப் பிறகு, இத்தனை ஆண்டு வரை தண்டனைக் குறைப்பே கூடாது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பிலேயே எழுதவும் செய்கின்றன.

இந்தக் கதை ஏன் சாகவில்லை என்றால், அதற்கு ஆதரவாகத் தோன்றும் நிகழ்வுகளை ஊரார் கண்ணால் பார்க்கிறார்கள். மூன்று ஆண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை ஆண்டில் திரும்பி வந்திருப்பார். விசாரணைக் காலத்தில் அவர் உள்ளே இருந்த நாள்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளும், அதே பழைய சட்டத்தின் 428-ஆம் பிரிவும், வேலைக்கும் நன்னடத்தைக்கும் கிடைத்த தண்டனைக் கழிவும் சேர்ந்து அதைச் செய்திருக்கும். அதை யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். அவரும் ஊராருக்கு விளக்கியிருக்க மாட்டார். கோபால் கோட்சேவும் வழக்கில் தோற்றவர்தான், ஆனால் 1964-இல் அரசு விடுவித்ததால் வெளியே வந்தார். தருமபுரியில் இதைவிடக் கூர்மையான உதாரணம் இருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் மாண்ட வழக்கில், மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை 2016-இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலையில் அவர்கள் வெளியே வந்தார்கள். அது அரசமைப்பின் 161-ஆவது உறுப்பில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தின் வழியே நடந்தது. 433-ஏ அந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது. செய்தியைப் பார்த்தவர்களோ "ஆயுள்னாலும் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு வழக்கில் அரசு எடுத்த முடிவு அடுத்தவருக்கு உரிமையாகிவிடாது என்பதை அதன்பின் என்னிடம் வந்த குடும்பங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது மிகவும் கடினமாக இருந்தது.

ஆகையால் வீட்டில் யாரேனும் உள்ளே இருந்தால், இந்தக் கணக்கைத் தேநீர்க் கடையில் கேட்காதீர்கள். தீர்ப்பு நகலை வாங்கி, காவலில் கழித்த நாள்களைத் தண்டனையில் கழிக்க அதில் உத்தரவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அல்லது காவல் நாள்களின் எண்ணிக்கை தவறாக இருந்தால், வழக்கறிஞர் வழியாக உடனே மனுச் செய்யுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களிலேயே உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், கட்டணம் இல்லை. அதன்பின், இதுவரை எத்தனை நாள் தண்டனைக் கழிவு சேர்ந்திருக்கிறது, உத்தேச விடுதலைத் தேதி எது என்ற இரண்டையும் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.